பழைய மேசைக் கணினிக்கு எந்த எஸ்.எஸ்.டி. பொருந்தும்?

நண்பர்களே, எஸ்.எஸ்.டி. (ஹார்டு டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம்) வாங்க ஒரு யோசனை வேண்டும். 2015இல் வாங்கிய என் மேசைக் கணினி இன்னும் ஹார்டு டிஸ்கில்தான் ஓடுகிறது. அதை இயக்கிவிட்டுக் குளித்துவிட்டே வரலாம். மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் (சிறு அட்டை வடிவ எஸ்.எஸ்.டி.யைச் செருகும் இடம்) ஒன்று இருக்கிறது. ஆனால் அது பழைய இணைப்பு முறையான சாட்டா வகையை மட்டும் ஏற்குமா, அதைவிட வேகமான என்.வி.எம்.இ. வகையையும் ஏற்குமா என்று கையேட்டை இரண்டு முறை படித்தும் பிடிபடவில்லை. பொருந்தினாலும், பழைய பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) சிலவற்றில் என்.வி.எம்.இ.யிலிருந்து விண்டோஸ் தொடங்காதாமே!

வம்பே வேண்டாம் என்று 2.5 அங்குல சாட்டாவையே வாங்கிவிடலாமா? நொடிக்கு 550 எம்.பி. வரையிலான வேகமே என் எழுத்து வேலைக்குத் தாராளம். 500 ஜி.பி. போதும். நினைவக வகையில் கியூ.எல்.சி. வேண்டாம், அதைவிட நீடித்து உழைக்கும் டி.எல்.சி.தான் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

இதே வயதுக் கணினியில் மாற்றியவர்கள், விண்டோஸை அப்படியே நகலெடுத்தீர்களா, புதிதாக நிறுவினீர்களா என்பதையும் சொல்லுங்கள்.