சுவருக்குக் கொசு மருந்து: பணத்துக்கு முன்னால் சாவி

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

சேலம் சேர்வராயன் மலைப் பக்கம் நம் ஊரில் வீட்டுச் சுவர்களுக்கு மலேரியாக் கொசு மருந்து அடிக்க ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடலாம். ஆனால் நாம் வெளிநாட்டில் இருப்பதால் ஊரில் நம் வீடுகள்தான் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன. முதலில் அவற்றின் சாவியைப் பக்கத்துவீட்டுப் பங்காளியிடமாவது கொடுத்து வையுங்கள்.

காரணம் இதுதான். கடித்து ரத்தம் குடித்த அனாஃபிலஸ் கொசு (மலேரியாவைப் பரப்பும் இனம்), முட்டை முதிரும்வரை சுவரிலோ கூரையடியிலோ உட்கார்ந்திருக்கும். அப்போது காலில் ஒட்டும் மருந்துதான் அதைக் கொல்லும். மலேரியாக் கிருமி கொசுவுக்குள் முதிர்ந்து அடுத்தவருக்குப் பரவச் சுமார் 10 நாளோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் அந்தக் கொசு பலமுறை கடித்துப் பலமுறை சுவரில் உட்காரும். ஆக, மருந்து காப்பது தனி வீட்டை அல்ல, ஊரை. குறைந்தது 80 சதவீத வீடுகளிலாவது அடித்தால்தான் பலன் தெரியும். பூஜை அறை, சமையலறை என்று விட்டுவைத்தால் அதுவும் ஓட்டைதான்.

அடுத்தது வெள்ளை. மருந்து அடித்த பிறகு பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தால் போட்ட காசு முழுக்க வீண். பூச்சு மருந்தை மூடிவிடும், சுண்ணாம்பின் காரம் டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகளைச் சிதைத்தும் விடும். டெல்டாமெத்ரின் 10 முதல் 12 வாரம் வேலை செய்யும். எனவே வெள்ளையடித்து நன்றாகக் காய்ந்த பிறகே மருந்து. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்காக மே மாதம் சுவர் பூசுவதாக இருந்தாலும் இதே முறைதான். தரையைச் சாணி போட்டு மெழுகலாம், சுவரைத் தொட வேண்டாம்.

அளவு: டெல்டாமெத்ரின் 2.5 சதவீத நனையும் தூள் என்றால் 10 லிட்டர் கரைசலுக்கு 400 கிராம். ஆல்ஃபா சைபர்மெத்ரின் 5 சதவீதத் தூள் என்றால் 250 கிராம். தூளை முதலில் கொஞ்சம் தண்ணீரில் களிம்பாகக் குழைத்து, மீதித் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கி, துணியில் வடிகட்ட வேண்டும். தூள் அடியில் தங்கும், அதனால் அடிக்கும்போதும் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வீட்டுக்கு வெறும் தண்ணீர், இன்னொரு வீட்டுக்குக் கஞ்சி.

10 லிட்டர் 500 சதுர மீட்டருக்குப் போதும். 10க்கு 12 அடி அறையில் 9 அடி உயரச் சுவர் நான்கும் சேர்த்து 396 சதுர அடி. அதற்கு முக்கால் லிட்டர் தாராளம். ஸ்டிரப் பம்பின் (வாளியில் வைத்துக் கையால் அடிக்கும் பம்ப்) நாசில், அதாவது தெளிக்கும் முனை, நிமிடத்துக்கு 740 முதல் 850 மில்லி விடும், அதாவது ஒரு அறைக்கு ஏறக்குறைய ஒரு நிமிட வேலை. சுவரில் மருந்து வழிந்து ஓடினால் அடிப்பவர் மெதுவாகப் போகிறார், அல்லது நாசில் தேய்ந்துவிட்டது என்று பொருள். 850க்கு மேல் போனால் நாசில் முனையை மாற்ற வேண்டும். சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளி, மேலிருந்து கீழாக ஒரு பட்டை, ஒன்றரை அடி நகர்ந்து கீழிருந்து மேலாக அடுத்த பட்டை. பட்டைகள் ஓரத்தில் சற்றே ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும்.

மரவள்ளிக்கு அடிக்கிற தெளிப்பானையும் வயல் மருந்தையும் வைத்து முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வயல் நாசில் இலைக்கானது, சுவரில் சீராகப் படியாது. வயல் மருந்து எண்ணெய்க் கரைசலாக இருந்தால் மண்சுவர் அதை உறிஞ்சிவிடும், கொசுவின் காலுக்கு எதுவும் மிஞ்சாது. நனையும் தூள் மேலேயே நிற்கும். எந்த மருந்து என்பதையும் நாமாகத் தீர்மானிக்கக் கூடாது. நாட்டின் பல பகுதிகளில், கிராமத்து மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் குலிசிஃபேசிஸ் கொசு, டி.டி.டி., மாலத்தியான் என்ற பழைய மருந்துகளுக்குச் சாவதில்லை. வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகாதார ஆய்வாளரைக் கேட்டு அவர் சொல்கிறபடிதான் செய்ய வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: தானியம், குடிதண்ணீர், பாத்திரம் எல்லாம் வெளியே போக வேண்டும், கட்டிலைச் சுவரைவிட்டு இழுத்துப் போட வேண்டும். பூனையையும் மீன்தொட்டியையும் கட்டாயம் அப்புறப்படுத்த வேண்டும், பூனைக்கும் மீனுக்கும் இந்த மருந்து ஆகாது. சுவர் காய்ந்த பிறகே உள்ளே போகலாம். செத்த பூச்சிகளைப் பெருக்கிப் புதைத்துவிடுங்கள், கோழி கொத்தக் கூடாது. பம்ப் கழுவிய தண்ணீர் குழிக்குத்தான் போக வேண்டும், ஓடைக்குள் விட்டால் மீன் சாகும். அடித்த சில நாளில் மூட்டைப்பூச்சி வெளியே வந்து திரியலாம். மருந்தால் பூச்சி பெருகிவிட்டது என்று அடுத்த சுற்றுக்குக் கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. மறைவிடத்திலிருந்து மருந்து அவற்றைக் கிளப்பிவிடுகிறது, அவ்வளவுதான். பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

இதெல்லாம் அடிவாரத்துக்கும் மலைக்கும். சேலம் நகரில் அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் வீடு இருப்பவர்கள் சுவரில் பணம் போட வேண்டாம். நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் ஸ்டீபன்சி கொசு மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும். டெங்குக் கொசு தொங்கும் துணியிலும் கட்டிலுக்கடியிலும் உட்காரும், சுவர் மருந்து அதற்கு அதிகம் பயன்படாது. வாடகைக்கு விட்ட வீடானாலும் தொட்டிக்கு இடைவெளியில்லாத மூடி, நிரம்பி வழியும் குழாயின் வாயில் கொசுவலை, வாரம் ஒருமுறை பாத்திரங்களைக் கவிழ்த்துக் காயவைப்பது, இவை மூன்றையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.