அம்மம்மா வீட்டார் குழுவில் ஒரு முழங்கால்

ஞாயிறு

பெரியம்மா, 6.12 மாலை
(படம்: விளம்பரத் துண்டு)
இதை ஒருக்கால் பாருங்கள். கடைத்தெருப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கிறார்களாம். முழங்கால் நோவுக்கு 12 தடவை கரன்ட் பிடித்து, அல்ட்ராசவுண்ட் வைத்து, கலர் டேப்பும் ஒட்டி 42,000 ரூபாய். முன்காசு கட்டினால் 2,000 குறைவு. நாளைக்குப் போகட்டுமா?

நிலாவெளி மாமா, 6.15
போங்கோ அக்கா. இடுப்பில் நாரி பிடித்து எழும்ப முடியாமல் கிடந்தவன் நான். 10 தடவை கரன்ட் பிடித்த பிறகுதான் நிமிர்ந்தேன். உடம்பு விசயத்தில் காசு பார்க்கக் கூடாது.

பாலையூற்றுச் சித்தி, 6.21
கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய் நாலு வாளி சுடுதண்ணீர் ஊற்றினால் காசும் மிச்சம் அக்கா.

பெரியம்மா, 6.22
ஏழு கிணறு இருந்தென்ன, குனிந்து அள்ள முடியவில்லையடி.

நான், 6.24
மச்சாள் வேலை முடிந்து வரட்டும். பிசியோ படித்தவளைக் குடும்பத்தில் வைத்துக்கொண்டு துண்டு விளம்பரத்தை நம்புவதா?

நிலாவெளி மாமா, 6.25
அவள் என்ன சொல்வாள் என்று தெரியும். பெற்ற தகப்பனிடமே "ஆதாரம் எங்கே அப்பா" என்று கேட்கிறவள்.

மச்சாள் பிசியோ, 7.31
பெரிய மாமி, காசு கட்டவில்லைதானே?

பெரியம்மா, 7.33
இல்லைப் பிள்ளை. நீ சொல்லு.

மச்சாள் பிசியோ, 7.34
முதலில் முழங்காலைச் சொல்லுங்கள். வீக்கமோ சூடோ இருக்கிறதா? விழுந்தீர்களா? மடக்கினால் இறுகி நிற்கிறதா?

பெரியம்மா, 7.38
அதெல்லாம் இல்லை. காலையில் எழும்பியதும் ஒரு விறைப்பு, குசினிக்கும் முற்றத்துக்கும் நாலு நடை நடந்தால் விட்டுவிடும். கோணேசர் கோயில் ஏற்றம்தான் பாடு. கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்துத் தேய்மானம் என்றார்கள். பயிற்சிகள் அச்சடித்த தாளும் ஒன்று தந்தார்கள்.

மச்சாள் பிசியோ, 7.38
செய்கிறீர்களா?

பெரியம்மா, 7.40
ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன்.

மச்சாள் பிசியோ, 7.40
ஃபிரிட்ஜுக்கு முழங்கால் நோ இல்லையே மாமி 😄

மச்சாள் பிசியோ, 7.46
சரி, மெசின் கதைக்கு வருகிறேன். அல்ட்ராசவுண்ட் என்றால் இங்கே படம் எடுக்கும் ஸ்கேன் அல்ல, ஒலியலையால் செய்யும் வைத்தியம். அதைச் சோதிப்பது மிக லேசு. ஏன் தெரியுமா? ஓன் பண்ணினாலும் ஓஃப் பண்ணினாலும் நோயாளிக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஜெல் பூசுவார்கள், மெசினின் தலைப்பகுதியை அதன்மேல் உருட்டுவார்கள், பாதிப் பேருக்கு மட்டும் மெசின் வேலை செய்யாது. பிறகு இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1975 முதல் 1999 வரை நோவுக்கும் காயத்துக்கும் வந்த 35 ஆய்வுகளை 2001இல் ஒருமுறை அலசினார்கள். ஒழுங்கான முறையில் செய்தவை 10தான். அந்த 10இல் உண்மை மெசின் வெறும் மெசினை வென்றது இரண்டில் மட்டும்.

மச்சாள் பிசியோ, 7.48
மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கொக்ரேன் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் அமைப்பு. முழங்கால் தேய்மானத்தைப் பார்த்த அவர்களின் 2010 தொகுப்பு "உதவக்கூடும்" என்றது. ஆனால் அதில் இருந்தவை ஐந்து சின்ன ஆய்வுகள், தரமும் குறைவு. அந்தக் "கூடும்" என்ற சொல்லுக்கு 42,000 ரூபாய் கொடுக்க எனக்கு மனமில்லை.

பாலையூற்றுச் சித்தி, 7.50
அந்தக் கலர் டேப்?

மச்சாள் பிசியோ, 7.52
1970களில் யப்பான்காரர் ஒருவர் கண்டுபிடித்தது. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் விளையாட்டு வீரர்களின் தோளிலும் காலிலும் தெரிந்த பிறகு உலகம் முழுக்க ஓடியது. சும்மா ஒட்டிய டேப்போடு ஒப்பிட்டால் வித்தியாசம் மிகக் கொஞ்சம். வடிவாக இருக்கும், அவ்வளவுதான்.

நிலாவெளி மாமா, 7.55
அப்போ நான் குணமானது பொய்யா? என் நாரி எனக்குத் தெரியாதா?

மச்சாள் பிசியோ, 8.01
குணமானது உண்மை அப்பா. எதனால் என்பதுதான் கேள்வி. திடீரென்று பிடிக்கிற நாரி பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே இளகும். நோ உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியத்துக்கு ஓடுகிறோம். உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறக்கம்தான். அந்த இறக்கத்தில் யார் பக்கத்தில் நின்றாலும் பெயர் அவருக்கு. கரன்ட் மெசின் நின்றால் மெசினுக்கு, நோ எண்ணெய் நின்றால் பரியாரியாருக்கு.

மச்சாள் பிசியோ, 8.03
1995இல் பின்லாந்தில், ஹெல்சிங்கியில், நாரி பிடித்த 186 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு இரண்டு நாள் படுக்கை, இன்னொன்றுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாம் பகுதிக்கு "முடிந்த அளவு வழக்கமான வேலையைப் பாருங்கள்". யார் முந்தினார்கள் என்று நினைக்கிறீர்கள்?

நான், 8.04
பயிற்சி செய்தவர்கள்.

மச்சாள் பிசியோ, 8.05
இல்லை. வழக்கமான வேலை பார்த்தவர்கள். எங்கள் பயிற்சியும் அன்று தோற்றது. பிசியோ என்பதற்காக அதை நான் மறைக்கக் கூடாது. நாள்பட்ட நாரி நோ வேறு கதை, அதற்குப் பயிற்சி உதவும். படுத்தே கிடந்தவர்கள்தான் கடைசி. அப்பா, நீங்கள் அந்த முறை எட்டு நாள் படுத்திருந்தீர்கள்.

நிலாவெளி மாமா, 8.06
உன் அம்மா படுக்கச் சொன்னாள்.

நிலாவெளி மாமா, 8.09
சரி, மெசின் வேண்டாம். ஒப்பரேசன் செய்து உள்ளே சுத்தம் பண்ணிவிட்டால்? எனக்குத் தெரிந்த ஒருவர் முழங்காலில் குழாய் விட்டுக் கழுவி இப்போது ஓடித் திரிகிறார்.

மச்சாள் பிசியோ, 8.14
அதையும் சோதித்துவிட்டார்கள். 2002, அமெரிக்காவில் ஹூஸ்டன். முழங்கால் தேய்மானம் உள்ள 180 பேர். சிலருக்கு உண்மையாகக் குழாய் விட்டுக் கழுவினார்கள். சிலருக்குத் தோலில் சின்ன வெட்டு மட்டும், உள்ளே ஒன்றும் செய்யவில்லை. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உண்மைச் சத்திரசிகிச்சை எந்த இடத்திலும் வெறும் வெட்டை வெல்லவில்லை.

பெரியம்மா, 8.15
வெட்டாமல் வெட்டினதாகச் சொன்னார்களா? பாவம் அந்த மனிதர்கள்.

மச்சாள் பிசியோ, 8.16
முன்பே சொல்லிச் சம்மதக் கையெழுத்து வாங்கித்தான் மாமி.

பெரியம்மா, 8.18
அப்போ நான் என்னதான் செய்ய? பயிற்சி செய்தால் நோ போய்விடுமா?

மச்சாள் பிசியோ, 8.24
போய்விடாது. 2024இல் வந்த கொக்ரேன் தொகுப்பில் முழங்கால் தேய்மானத்துக்குப் பயிற்சி பற்றிய 139 ஆய்வுகள். நோவை 100க்கு எவ்வளவு என்று அளந்தால், போலி வைத்தியம் பெற்றவர்களைவிடப் பயிற்சி செய்தவர்களுக்குச் சுமார் 9 குறைவு. ஒன்றுமே செய்யாதவர்களைவிட 13.

பெரியம்மா, 8.25
100க்கு 9தானா? இதற்கா இந்தப் பாடு!

நிலாவெளி மாமா, 8.25
😂😂 இப்போது சொல்லு மகள்

மச்சாள் பிசியோ, 8.30
சொல்கிறேன். 9 என்பது சராசரி. சிலருக்கு ஒன்றுமில்லை, சிலருக்கு நிறைய. 42,000 ரூபாய் கேட்காது, வயிற்றைப் புண்ணாக்கும் குளிசை மாதிரியும் இல்லை. இன்னொரு விசயம், பெரிய மாமியின் நோவைவிட எனக்குப் பயம் அவர் விழுந்துவிடுவாரோ என்பதில்தான். 108 ஆய்வுகளைச் சேர்த்த 2019 தொகுப்பில், வீட்டில் வாழும் வயதானவர்கள் பயிற்சி செய்தால் விழுவது 23 வீதம் குறைகிறது. அது உறுதியான ஆதாரம். போன மாரியில் கிணற்றடியில் வழுக்கியது ஞாபகம் இருக்கிறதா?

பெரியம்மா, 8.31
அது பாசி.

மச்சாள் பிசியோ, 8.32
பாசி போன வருடமும் இருந்தது மாமி. கால்தான் பலம் குறைந்திருக்கிறது.

லண்டன் தம்பி, 8.40
இப்போதுதான் எல்லாம் வாசித்தேன். மச்சாள், அப்பாவுக்கு ஒன்று கேட்கவேண்டும். பாரிசவாதம் வந்து நாலு மாதம். வலக் கை இன்னும் சரியில்லை. இங்கே ஒன்லைனில் ரோபோக் கையுறை விற்கிறார்கள், விரலைத் தானாகவே விரித்து மடக்கும். வாங்கி அனுப்பட்டுமா? விலை பிரச்சினை இல்லை.

மச்சாள் பிசியோ, 8.47
உன் ஊரிலேயே சோதித்ததைச் சொல்கிறேன். 2019இல் பிரித்தானியாவில் 770 பேருக்கு ஒரு பெரிய ஆய்வு. அது ஆஸ்பத்திரி ரோபோ, நீ சொல்லும் கையுறையைவிட எவ்வளவோ பெரியது. ரோபோவோடு பயிற்சி செய்தவர்களுக்கு, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிடக் கையின் பாவனை முன்னேறவில்லை. பெரிய ரோபோவே செய்யாததைக் கையுறை செய்யும் என்று நான் சொல்லமாட்டேன்.

லண்டன் தம்பி, 8.49
அப்போ வீட்டிலேயே அம்மா செய்விக்கிற பயிற்சியைக் கூட்டினால்? யூடியூப்பில் நிறைய இருக்கிறது.

மச்சாள் பிசியோ, 8.55
அதற்கும் ஆய்வு இருக்கிறது. இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகள், 1,250 நோயாளிகள். வீட்டார் ஒருவரைப் பழக்கி, வீட்டில் பயிற்சி செய்விக்கச் சொன்னார்கள். 2017இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறர் தயவில் இருந்தவர்களுமாகச் சேர்த்து, பழக்கிய பக்கம் 47 வீதம். பழக்காத பக்கமும் 47 வீதம்.

(ஏழு நிமிடம் யாரும் எழுதவில்லை. சித்தி "எழுதுகிறார்" என்று வந்து வந்து மறைந்தது.)

பாலையூற்றுச் சித்தி, 9.02
அப்படியென்றால் இந்த நாலு மாதமும் நான் செய்தது வீணா பிள்ளை? விடிய ஐந்து மணிக்கு எழும்பிக் கையைப் பிடித்து மடக்கி நீட்டுகிறேன். அதற்குப் பிறகுதான் புட்டுக்கு மா குழைக்கிறேன்.

நான், 9.03
மச்சாள், கொஞ்சம் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

மச்சாள் பிசியோ, 9.09
பிழை என்னுடையதுதான் சின்ன மாமி, மன்னியுங்கள். இலக்கத்தைச் சொல்லிவிட்டு அர்த்தத்தைச் சொல்லாமல் விட்டேன். ஒரு பக்கத்தில் வீட்டார் பார்த்தார்கள், மற்றப் பக்கத்தில் கைவிட்டார்கள் என்பதல்ல அந்த ஆய்வு. எங்கள் சனம் எங்கே கைவிடும்? பழக்காத வீடுகளிலும் மனைவியும் மகளும் பக்கத்தில்தான் இருந்திருப்பார்கள், வழக்கமான சிகிச்சையும் கிடைத்தது. மேலதிகமாகப் பழக்கியதால் கூடுதல் பலன் வந்ததா என்று கேட்டார்கள், வரவில்லை. அவ்வளவுதான். இந்த நாலு மாதமும் மாமாவின் பக்கத்தில் நின்றவர் நீங்கள்தான்.

மச்சாள் பிசியோ, 9.11
ஒன்று கேட்கிறேன். கையை மேசை விளிம்பில் தொங்க விட்டால், மணிக்கட்டை மாமா தானாக மேலே தூக்குவாரா? விரல் கொஞ்சமாவது விரியுமா? நீங்கள் பிடிக்காமல்.

பாலையூற்றுச் சித்தி, 9.18
இப்போது செய்து பார்த்தோம். மணிக்கட்டு கொஞ்சம் எழும்புகிறது. பெருவிரலும் பக்கத்து விரல் இரண்டும் விரிகிறது. ஆனால் எல்லாவற்றையும் இடக் கையால்தானே செய்கிறார்.

மச்சாள் பிசியோ, 9.26
அதுதான் விசயம். நல்ல கை வேலையைப் பறித்துக்கொள்கிறது. 2006இல் அமெரிக்காவில் 222 பேரோடு ஓர் ஆய்வு. பாரிசவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள். மணிக்கட்டும் விரலும் கொஞ்சம் எழும்பக்கூடியவர்களைத்தான் எடுத்தார்கள். நல்ல கைக்கு ஓர் உறையைப் போட்டு, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அந்தக் கையைப் பூட்டினார்கள். பழுதான கையால் நாளுக்குப் பல மணிநேரம் வேலை, இரண்டு கிழமை. ஒரு வருடம் கழித்தும் அந்தப் பக்கத்தார் முன்னே நின்றார்கள். மாமாவுக்கு நாலு மாதம்தான் ஆகிறது.

லண்டன் தம்பி, 9.28
அப்போ உறை அனுப்பவா?

மச்சாள் பிசியோ, 9.31
ஒன்றும் அனுப்பாதே. குசினியில் சூட்டுக் கையுறை இருக்கும். அதற்கு முதல் புதன்கிழமை ஆஸ்பத்திரி பிசியோவிடம் மாமாவைக் கூட்டிப் போங்கள், அவர் பார்த்துச் சரி சொல்லவேண்டும். நடக்கும்போது நல்ல கையைப் பூட்டக் கூடாது, விழுந்தால் ஊன்ற அதுதான் இருக்கிறது. நீ அனுப்புவதென்றால் ஓட்டோக் காசு அனுப்பு. கிழமைக்கு இரண்டு தரம் பாலையூற்றிலிருந்து போய்வரக் காசில்லாமல்தான் மாமி கிளினிக்கை விட்டவர்.

பாலையூற்றுச் சித்தி, 9.32
அதை ஏன் இங்கே எழுதுகிறாய் பிள்ளை.

லண்டன் தம்பி, 9.33
அம்மா, ஏன் எனக்குச் சொல்லவில்லை?

நான், 9.34
தம்பி, அம்மாவுக்கு நேரே எடுத்துக் கதை.

திங்கள்

பெரியம்மா, 6.05 காலை
(வீடியோ, 41 விநாடி)
தாளை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிட்டேன். கதிரையில் இருந்து எழும்பி இருப்பது முதலாவது. எட்டுத் தரம் செய்தேன். ஏழாவதில் முழங்கால் கடித்தது.

மச்சாள் பிசியோ, 6.20
கொஞ்சம் நோகலாம், பயமில்லை. செய்த பிறகு வீங்கினாலோ அடுத்த நாளும் கூடியே நின்றாலோ எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆனால் மாமி, அந்தப் பிளாஸ்டிக் கதிரை பின்னுக்கு வழுக்குகிறது. சுவரோடு அணைத்து வையுங்கள். கையால் ஊன்றாமல் எழும்பப் பாருங்கள்.

நிலாவெளி மாமா, 6.31
அக்கா, எட்டா செய்தீர்கள்? நான் பன்னிரண்டு செய்தேன்.

மச்சாள் பிசியோ, 6.32
வீடியோ எங்கே அப்பா?

பெரியம்மா, 6.33
ஆதாரம் எங்கே தம்பி 😂