மூத்தவனின் இரவுப் பாலை எப்படிக் குறைப்பது?

தோழிகளுக்கு வணக்கம். நான் இப்போது கர்ப்பமாக இருக்கிறேன், 9-வது வாரம். மூத்தவனுக்கு இன்னும் 2 வயது முடியவில்லை, தாய்ப்பால் குடித்துத்தான் இரவில் தூங்குவான். வீட்டில் பெரியவர்கள் "உடனே நிறுத்து, வயிற்றில் இருப்பதற்குச் சத்து சேராது" என்கிறார்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டேன். முன்பு கருச்சிதைவோ குறைப்பிரசவமோ ஆனதில்லை, இப்போது ரத்தப்போக்கும் இல்லை, அதனால் கொடுக்கலாம் என்றார். போகப்போகப் பால் குறையும், சீம்பாலாக மாறும்போது சுவையும் மாறும், சில குழந்தைகள் தாங்களாகவே விட்டுவிடும் என்றும் சொன்னார். ஆக, கொடுக்கலாமா கூடாதா என்பதல்ல என் கேள்வி.

அவன் வாய் வைத்த உடனே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. காம்பு வேறு துணி பட்டாலே வலிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்கிறேன். பாதியில் எடுத்தால் நைட்டியைப் பிடித்து இழுத்து ஊரைக் கூட்டிவிடுகிறான்! மற்றபடி வாந்தி இருந்தாலும் குடிக்கும் தண்ணீர் தங்குகிறது. தங்காமல் போனாலோ, சிறுநீர் அடர் மஞ்சளாகிக் குறைந்தாலோ தாமதிக்காமல் வரச் சொல்லியிருக்கிறார்.

இந்த நிலையில் இருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இரவுப் பாலை மட்டும் அதிகம் அழவிடாமல் எப்படிக் குறைத்தீர்கள்? அப்பா பக்கத்தில் படுத்துத் தூங்கவைத்தால் பழகிவிடுமா, இல்லை இன்னும் ரகளை ஆகுமா? அப்புறம், காம்பு வலி எத்தனையாவது மாதத்தில் குறைந்தது? கசப்பாக எதையாவது தடவு என்று மட்டும் சொல்லாதீர்கள், அதற்கு மனசு வரவில்லை.