அலையைக் காட்டினார்கள், ஊரை எங்கே காட்டினார்கள்? ‘ரிங்ஸ் ஆஃப் பவர்’ பார்த்த நம் கரைக்காரர்களின் அனுபவங்கள்

பாம்பன்காரன்:

‘ரிங்ஸ் ஆஃப் பவர்’ என்பது ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கற்பனை உலகத்தை வைத்து அமேசான் பிரைம் வீடியோ எடுத்த தொடர். இதைத் திட்டியும் தாங்கியும் உலகம் முழுக்க எழுதித் தள்ளிவிட்டார்கள். எனக்கு வேண்டியது அதுவல்ல. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் கரையில் இருப்பவர்கள் இதை யாரோடு உட்கார்ந்து பார்த்தீர்கள், எந்த இடத்தில் வாக்குவாதம் வந்தது, எது பொறுக்கவில்லை? டோல்கீனைப் படித்தவர், படிக்காதவர் யாரானாலும் சரி, நடந்ததை எழுதுங்கள். ‘கதை மொக்கை, கிராபிக்ஸ் சூப்பர்’ வகையறா வேண்டாம்.

என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 செப்டம்பர் 2 அன்று முதல் இரண்டு பாகங்களும் தமிழ்க் குரலோடு வந்தபோது நான் பார்க்கவில்லை. அடுத்த வருடத் தடைக்காலத்தில்தான் பார்த்தேன். ஏப்ரல் 15 வந்துவிட்டால் ஜூன் பாதி வரை விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஆண்கள் எல்லாம் வீட்டில். சித்தப்பா படகு டிரைவர். அவரும் அவருடைய படகுக்காரர்கள் சிலரும் ஹாலில் வலை பொத்திக்கொண்டே பார்த்தார்கள். எல்ஃப், டுவார்ஃப் என்று கற்பனை இனங்கள் வந்தவரை யாரும் வாய் திறக்கவில்லை. எல்ஃப் வீராங்கனை கலாட்ரியல், மேற்கே அமரர் நாட்டுக்குப் போகும் கப்பலிலிருந்து நடுக்கடலில் குதித்தாள் பாருங்கள், சித்தப்பா ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஆத்தாடி, இம்புட்டுத் தூரம் நீந்தியா போவா? குடிக்கத் தண்ணிக்கு என்ன பண்ணுவா?”

“அவ மனுசி இல்ல சித்தப்பா, எல்ஃப். சாவே கிடையாது.”

“சாவு இல்லேன்னா தாகமும் எடுக்காதா? காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு ஒருதரமாச்சும் நிமிந்து பாத்தாளா? நீவாடு இழுக்குற பக்கந்தான போக முடியும்?”

இன்ஜின் நின்றுபோய் நீவாட்டில், அதாவது கடல் நீரோட்டத்தில், இழுபட்ட அனுபவம் அவருக்கு உண்டு, அதனால்தான் அவ்வளவு கோபம். என் கோபம் வேறு. டோல்கீனின் கலாட்ரியல் மேற்கே கப்பலேறிப் போவது மூன்றாம் யுகம் முடியும்போதுதான்; தொடர் நடப்பதோ இரண்டாம் யுகத்தில். அவ்வளவு காலம் அவள் இந்தக் கரையிலேயே இருந்தாள் என்பதுதான் அந்தப் பாத்திரத்தின் கனமே. ஏறிப் போய்ப் பாதி வழியில் குதிப்பவள் வேறு யாரோ.

பிறகு அந்தத் தெப்பம். அதில் இருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் உடனே நம்பவில்லை, அது சரியாக இருக்கிறது என்று சித்தப்பா சொன்னார். ஆனால் தெப்பத்தில் இருந்த ஹால்பிராண்ட் விஷயத்தில் அவர் ஆறவே இல்லை. அவன் வைத்திருந்த ஒரு பையின் முத்திரையைப் பார்த்து அவனை ராஜா என்று கலாட்ரியல் முடிவு கட்டுகிறாள். அந்த ராஜ வம்சம் ஆயிரம் வருடத்துக்கு முன்பே அற்றுப்போனது என்று ஓலையைப் புரட்டிக் கண்டுபிடிப்பது கடைசிப் பாகத்தில். “கடல்ல கிடந்தவன ஏத்துறது தர்மம். ஏத்தின பெறகு எந்த ஊரு, யாரு மகன்னு கேக்காம எவனாச்சும் கரைக்குக் கூட்டியாருவானா? அந்த ஏட்ட மொதல்லயே பாக்குறதுக்கு என்ன?” என்றார். நான் ஆங்கிலத்தில் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

கீழக்கரைக்காரி:

தொடரில் இருப்பதை விட, இல்லாததைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம்.

‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ என்று 1980-இல் வந்த டோல்கீன் தொகுப்பில் அல்தாரியன், எரெண்டிஸ் கதை ஒன்று உண்டு. அல்தாரியன், நூமெனோர் என்ற மனிதர்களின் தீவு நாட்டு இளவரசன், கடல் பைத்தியம். எரெண்டிஸ் அவன் மனைவி, அவளுக்குக் கடலைக் கண்டால் ஆகாது. இரண்டு வருடத்தில் வந்துவிடுகிறேன் என்று போகிறான். வர ஐந்து வருடம் ஆகிறது. அவள் மகளைத் தூக்கிக்கொண்டு, கடல் கண்ணில் படாத மேய்ச்சல் காட்டுக்குப் போய், பெண்களை மட்டும் வேலைக்கு வைத்துக்கொண்டு வாழ்கிறாள். அந்த மகள்தான் பிறகு நூமெனோரை ஆண்ட முதல் அரசி.

இந்தக் கதையை எங்கள் ஊர்ப் பெண்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. துபாய், சவூதி என்று போனவர்களின் கடைசிப் பயணத் தேதி எப்போதும் ‘அடுத்த ரம்ஜானுக்கு’தான். ஒரு நாள் அஸருக்குப் பிறகு மதினியிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நடுவில் நிறுத்தி, “அவன் வந்ததும் இவ கதவத் தொறந்தாளா இல்லையா, அத மொதல்ல சொல்லு” என்றார். எரெண்டிஸ் அவனுக்கு முகம் கொடுக்கவில்லை என்றதும் மதினிக்கு ஒரு திருப்தி. அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, “பாவம், அவளும்தான் என்ன செய்வா” என்றார்.

தொடரின் நூமெனோரில் துறைமுகம் இருக்கிறது, பிரம்மாண்டச் சிலை இருக்கிறது, பாய் விரித்த கப்பல்கள் இருக்கின்றன. படை கிளம்பும்போது கூட்டம் கூடி வழியனுப்புகிறது. கப்பல் போன பிறகு அந்த ஊர் எப்படி இருக்கும் என்பது மட்டும் எனக்குக் கிடைக்கவே இல்லை. கப்பல்காரர்களின் ஊர் என்றால் பாதி ஊர் எப்போதும் காத்துக்கொண்டிருக்கும் ஊர் அல்லவா?

மண்டபம் மாணவன்:

எனக்கு வருடக் கணக்குதான் பிரச்சினை. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கடைசியில் உள்ள பின்னிணைப்பில் டோல்கீன் தெளிவாகப் போட்டிருக்கிறார். இரண்டாம் யுகத்தில் மந்திர மோதிரம் செய்ய ஆரம்பிப்பது 1500 வாக்கில். எல்ஃப்களின் மூன்று மோதிரங்கள் முடிவது 1590. கதையின் தீயவன் சௌரோனின் ஒற்றை மோதிரம் 1600. நூமெனோர்க்காரன் இசில்டுர் பிறப்பது 3209, நூமெனோர் மூழ்குவது 3319. தொடரில் இத்தனையும் ஒரே தலைமுறைக்குள். எல்ஃப் கொல்லன் கெலெப்ரிம்போர் மோதிரம் வார்க்கும்போது இசில்டுர் வேலையில்லாத வாலிபன்!

ராமநாதபுரம் போகும் பஸ்ஸில் அத்தை மகனோடு இதைப் பற்றிப் பேச்சு முற்றிவிட்டது. “மாப்ள, சீசனுக்கு ஒரு ஹீரோ செத்துக்கிட்டே இருந்தா யாருடா பாப்பா?” என்பது அவன் கட்சி. நியாயம்தான், மறுக்கவில்லை. மனிதர்கள் செத்துக்கொண்டே இருக்க, எல்ஃப்கள் இருந்துகொண்டே இருப்பார்கள். மனிதர்களுக்கு அந்தப் பொறாமை ஊறி ஊறித்தான் நூமெனோர் கெட்டுப்போகிறது. காலத்தைச் சுருக்கினால் அந்தப் பொறாமைக்கு என்ன காரணம் சொல்வது? தொடரில் நூமெனோர்க்காரர்கள் எல்ஃப்களை வெறுக்கச் சொல்லும் காரணம், அவர்கள் வந்து நம் வேலையைப் பறித்துவிடுவார்கள் என்பது. அந்தக் காட்சி வந்ததும் நானே சிரித்துவிட்டேன்.

மோதிரங்களின் வரிசையும் மாறிவிட்டது. புத்தகத்தில் அந்த மூன்று கடைசியில், சௌரோன் கை படாமல் செய்தவை. தொடரில் அவைதான் முதலில். உச்சிப்புளியில் இறங்க வேண்டிய அத்தை மகன் சண்டை முடியட்டும் என்று பட்டணம்காத்தான் வரை வந்தான்.

தொண்டி வாசகி:

எல்லோரும் ஒரே பக்கம் நின்று அடிக்கிறீர்கள், நான் மறுபக்கம் நிற்கிறேன். தொடர் பார்த்த பிறகுதான் புத்தகத்தையே தொட்டேன். டுவார்ஃப் தம்பதி டீசாவும் டூரினும் சாப்பாட்டு மேஜையில் பேசுவது புத்தகத்தில் இல்லைதான், எனக்குப் பிடித்தது. கீழக்கரை அக்காவுக்கு ஒன்று: அமேசான் வாங்கியது ‘ஹாபிட்’, ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’, அதன் பின்னிணைப்புகள், இவற்றின் உரிமைதான். எரெண்டிஸ் கதை அதில் வராது. 2017-இல் உரிமைக்கு மட்டும் சுமார் 25 கோடி டாலர் என்று செய்தி வந்தது. அவ்வளவு கொடுத்தும் கைக்கு வந்தது பின்னிணைப்புதான்.

சாயல்குடி வாத்தியார்:

இதையும் யாராவது எழுதியாக வேண்டும். என் பழைய மாணவன் ஒருவன், நன்றாகப் படிப்பவன், டீக்கடையில் பிடித்துக்கொண்டான். “சார், எல்ஃப்னா வெள்ளையாத்தான இருக்கணும்? கறுப்பா ஒருத்தரப் போட்டுக் கெடுத்துட்டாங்களே” என்றான். எல்ஃப் அரோண்டிராக வரும் இஸ்மாயில் குருஸ் கோர்டோவாவைச் சொல்கிறான். பனங்காட்டு வெயிலில் கருத்த நாங்கள் இருவர், எல்ஃப் என்ன நிறம் என்று பெஞ்சில் உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருந்தோம். டீ போடுகிறவர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அரோண்டிர் டோல்கீன் எழுதிய ஆளே இல்லை, தொடருக்காகப் படைத்தவன். ஹாபிட் என்ற குட்டை மனிதர்களில் ஒரு கிளையான ஹார்ஃபுட்டுகளோ மற்ற ஹாபிட்டுகளை விட மாநிறம் என்று ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ புத்தகத்தின் முன்னுரையிலேயே இருக்கிறது. மறுநாள் பிரதியைக் கொண்டுபோய்ப் பக்கத்தைக் காட்டினேன். படித்தான், “இத யாரும் வீடியோல சொல்லலயே சார்” என்றான். புத்தகத்தை அவன் படித்ததில்லை. கோபத்தை மட்டும் எங்கோ இருந்து வாங்கி வந்திருக்கிறான்.

இதில் நமக்கு ஒரு நஷ்டம் உண்டு. அந்த நடிகர்கள் மேல் வசை கொட்டிய நாட்களில், பிரைம் வீடியோ பார்வையாளர் விமர்சனங்களை 72 மணி நேரம் நிறுத்திவைத்தது. அதற்குப் பிறகு கதையைப் பற்றி யார் குறை சொன்னாலும் அந்தக் கும்பலோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. மண்டபம் தம்பியின் வருடக் கணக்கும் அந்தச் சேற்றில்தான் கிடக்கிறது.

தங்கச்சிமடம்:

நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நூமெனோர் பேச்சு வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

என் அப்பத்தா தனுஷ்கோடிக்காரர். புயலுக்குப் பிறகு இங்கே வந்து குடியேறிய குடும்பம். 1964 டிசம்பர் 22 இரவு பற்றி அவரிடம் கேட்க ஊருக்கு வெளியிலிருந்து யார் யாரோ வருவார்கள். கேமராவை வைத்துவிட்டு, “அலை எவ்வளவு உயரம் பாட்டி?” என்பார்கள். அப்பத்தா அதற்குப் பதில் சொல்லவே மாட்டார். ஸ்டேஷனிலிருந்து ஆரம்பிப்பார். எழும்பூரிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் இறங்கி, தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவது; சுங்க ஆபீஸ்காரர்கள் மூட்டையைப் பிரிப்பது; போஸ்ட் ஆபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோயில்; கருவாடு காயப்போட்ட மணலில் விளையாடி அடி வாங்கியது; கொழும்பிலிருந்து வந்த சோப்பு வாசனை. ஒரு மணி நேரம் போகும். கடைசியில், “ராத்திரி தண்ணி வந்துச்சு, காலைல ஒண்ணுமில்ல” என்பார். அவ்வளவுதான். பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஆட்களோடு போனதை நாம் கேட்டால்தான் சொல்வார்.

முதல் சீசன் நான்காம் பாகம் நூமெனோர் ராணி மிரியலின் கனவோடு தொடங்கும். ஆளுயரத்துக்கு மேல், கோபுரத்துக்கு மேல் அலை எழும்பி நூமெனோர் மேல் விழும். நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பத்தா பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நீட்டிப் பார்த்தார்.

“எந்த ஊரு இது?”

“கதைல வர்ற ஊரு அப்பத்தா. கடல்ல போயிரும்.”

“யாரு யாரு இருந்தா அங்க?”

நான் ராணி, கேப்டன், அவன் பிள்ளைகள் என்று சொல்லிப் பார்த்தேன். என்னால் மேலே போக முடியவில்லை. அதற்கு முந்தின பாகத்தில்தான் அந்த ஊரையே முதல்முதலாகக் காட்டியிருந்தார்கள். அதிலும் பாதி நேரம் தெருச் சண்டை. அப்பத்தா கீரைக்குத் திரும்பிவிட்டார். “ஊரக் காட்டாம தண்ணியக் காட்டுறான்” என்றார்.

டோல்கீன் இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறார். அவர் இறந்த பிறகு, 1977-இல், மகன் கிறிஸ்டோபர் பதிப்பித்த ‘சில்மரில்லியன்’ நூலில் ‘அகல்லபேத்’ என்ற பகுதி. அதில் ராஜாக்கள் வரிசையாக வருவார்கள். முதலில் கடலோடிகள், கரைக்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவர்கள், அப்புறம் கப்பம் வாங்குகிறவர்கள். சாவைக் கண்டு பயம், உயிரோடு இருப்பவர் வீட்டை விடப் பெரிய கல்லறை, வெள்ளை மரத்தை வெட்டுவது, கோயில் கட்டி நரபலி. எல்லாம் முடிந்து கடைசி ராஜா ஆர்-ஃபரசோன் படையோடு மேற்கே போன பிறகுதான் தண்ணீர். அரசி மிரியல் மெனெல்டார்மா மலையில் ஏறப் பார்க்கிறாள், அலை முந்திவிடுகிறது. அந்த இடத்துக்கு வருவதற்குள் அது நமக்குத் தெரிந்த ஊராகிவிட்டிருக்கும்.

இந்த அலைக் கனவு டோல்கீனுக்கே சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்ப வந்தது. அதை அவர் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ பாத்திரமான ஃபராமிருக்குக் கொடுத்தார். மினாஸ் திரித் நகரத்து மதில் மேல் ஏயோவின் என்ற பெண்ணின் பக்கத்தில் நின்றுகொண்டு ஃபராமிர் நாலு வரியில் சொல்வான். ஊர் மூழ்கி மூவாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த வம்சத்தில் வந்தவனுக்கு இன்னும் கனவு வருகிறது. எங்கள் வீட்டில் என் அப்பா புயலுக்குப் பிறகு பிறந்தவர். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் அவருக்குத் தூக்கம் கிடையாது. எனவே அந்த நாலு வரியை நான் கற்பனை என்று படித்ததே இல்லை.

தொடரில் அந்தக் கனவு எச்சரிக்கை மணி ஆகிவிட்டது. ராணி அதைப் பார்த்து முடிவெடுக்கிறாள், தொலைவைக் காட்டும் பளிங்குக் கல்லிலும் அதையே காட்டுகிறார்கள், வெள்ளை மரத்திலிருந்து பூ உதிர்ந்தால் ஊரே பார்க்கிறது. வருவது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. 22-ஆம் தேதி ராத்திரி அந்த ரயிலில் ஏறியவர்களுக்கு என்ன தெரியும்?

பாம்பன்காரன்:

தங்கச்சிமடத்துக்கு ஒரு கேள்வி. மூன்றாவது சீசன் வரப் போகிறது. மூழ்கடிப்பதை எப்படியும் ஒரு நாள் காட்டித்தான் ஆக வேண்டும். அதற்குள் ஊரைக் காட்டிவிட்டால் உங்களுக்குச் சம்மதமா?

தங்கச்சிமடம்:

சம்மதம். ஒரு முழுப் பாகம் சண்டையே இல்லாமல் அந்தத் துறைமுகத்தில் நடக்கட்டும். மீன் விற்கட்டும், கடன் வாங்கட்டும், கல்யாணம் பேசட்டும். செய்ய மாட்டார்கள்.

மண்டபம் மாணவன்:

நான் இன்னும் அகல்லபேத் படிக்கவில்லை, பின்னிணைப்பு மட்டும்தான். யாரிடமாவது பிரதி இருக்கிறதா?

சாயல்குடி வாத்தியார்:

என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை ராமநாதபுரம் வருகிறேன், பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள். அட்டை கிழிந்திருக்கும், பென்சில் கோடுகள் என்னுடையவை, அழிக்காதே. படித்துவிட்டு உன் அத்தை மகனிடம் கொடு.