ஜாமீன் கையெழுத்து போடலாமா? கலாத்தியர் 6 வைத்து ஒரு கேள்வி

ஸ்தோத்திரம். நாங்க நாகர்கோவில் பக்கம். என் கொழுந்தனாருக்கு ஆன்லைன் ரம்மியில ஏகப்பட்ட கடன். போன ஈஸ்டர் சமயத்துலதான் விஷயம் வெளியே வந்தது. சம்பளம் வந்த வாரத்திலேயே காலி. லோன் ஆப்காரங்க இப்போ என் ஓரகத்தி போனுக்கே கூப்பிட்டுத் திட்டுறாங்க.

பணத்தைக் கையில கொடுக்காம பிள்ளைங்க ஃபீஸை ஸ்கூல்ல நேரா கட்டினோம், மளிகை வாங்கிப் போட்டோம். அரசாங்க மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்குப் பேசச் சொன்னோம், பேசல. சபை மூப்பர் வீட்டுக்கு வந்து ஜெபிச்சார். அன்னைக்கு ராத்திரியும் கதவைச் சாத்திக்கிட்டு ஆட்டம்தான்.

இப்போ பழைய கடனை அடைக்க சொசைட்டியில புதுக் கடனாம், ஜாமீனுக்கு என் வீட்டுக்காரராம்! மாமியார் பைபிள்ல கலாத்தியர் 6:2-ஐ எடுத்துக் காட்டுறாங்க, ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கணும்னு. மூணு வசனம் தள்ளி, 6:5-ல, அவனவன் பாரத்தை அவனவன் சுமக்கணும்னு பவுலே எழுதியிருக்கார். அதை மட்டும் யாரும் வாசிக்கிறதில்லை. நீதிமொழிகள் 22:26 கடனுக்குப் பிணைப்படாதேன்னே சொல்லுது.

ஜாமீனும் போடாம, ஓரகத்தியையும் பிள்ளைங்களையும் கைவிடாம சமாளிச்சவங்க இருந்தா, மாசாமாசம் என்ன ஏற்பாடு செஞ்சீங்க?