அலகாபாத் 1911 விமானத் தபால் அட்டை: அசல்தானா?

நீலமை:
வணக்கம். சென்ற மாதம் பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் ஓர் அஞ்சலட்டை வாங்கினேன். 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து நைனிக்குப் பறந்த முதல் அதிகாரபூர்வ விமானத் தபாலில் போனது என்றார். வட்ட முத்திரையில் மலைகளுக்கு மேலே விமானம். மை ஊதாச் சிவப்பு. அரை அணா பச்சைத் தபால்தலை ஒட்டியிருக்கிறது. இரண்டு மாதச் சேமிப்பு அதில் போய்விட்டது. இந்த அட்டைக்கென்றே அப்பா தம் ஆல்பத்தில் ஒரு பக்கம் விட்டுவைத்திருந்தார். வைக்கலாமா?

நெல்லைச்சீமை:
லென்ஸ் வைத்து முத்திரையைப் பாருங்கள். மை புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சில் வந்த நகல். அதுவரை வெறும் விரலால் தொட வேண்டாம்.

ஆர்.எம்.எஸ். பெரியவர்:
தம்பி, ரயில் தபாலில் 31 ஆண்டுகள் கடிதம் பிரித்தவன் நான். முத்திரையை விட்டுவிட்டுத் தபால்தலையைப் பாருங்கள். அரசர் தலையில் கிரீடம் இருக்கிறதா? அரசர் எட்வர்டு தபால்தலைகளில் வெறுந்தலை. அவருக்குப் பின் வந்த அரசர் ஜார்ஜ் தபால்தலைகளில் கிரீடம். இரண்டு அரசர்களுக்கும் அரை அணா பச்சைதான், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். இந்தியாவில் ஜார்ஜ் தபால்தலைகள் விற்பனைக்கு வந்ததே 1911 டிசம்பரில். பிப்ரவரியில் பறந்த அட்டையில் அவை எப்படி இருக்கும்?

அசல் அட்டை ஒன்றைக் கண்காட்சியில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். அரைமணி நேரம் நகரவில்லை. ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர் சுமார் 6,500 கடிதங்களோடு யமுனையைத் தாண்டினார். பத்து கிலோமீட்டர், 13 நிமிடம். கடிதத்துக்கு ஆறு அணா தனிக் கட்டணம், அது ஒரு மாணவர் விடுதிக்குப் போனது. நைனியில் இறக்கியதும் எல்லாம் சாதாரணத் தபாலோடு சேர்ந்துவிட்டது. அந்த மூட்டையை அவிழ்த்துப் பிரித்த என் போன்ற ஆளுக்கு அன்று என்ன தோன்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

நீலமை:
ஐயா, பார்த்துவிட்டேன். கிரீடம் இருக்கிறது. முத்திரையும் புள்ளி புள்ளியாகத்தான் தெரிகிறது. அப்பா இருந்திருந்தால் தொட்டதுமே சொல்லியிருப்பார். நாளை வியாபாரியிடம் போய்ப் பணத்தைக் கேட்கிறேன்.

ஆர்.எம்.எஸ். பெரியவர்:
கேளுங்கள், நான் சொன்னதைச் சொல்லியே கேளுங்கள். 1911 அட்டை இனியும் கிடைக்கும், அவசரப்படாதீர்கள். அந்தப் பறப்பின் பொன்விழாவுக்கு 1961இல் நம் தபால்துறை வெளியிட்ட தபால்தலைகளோடு ஓர் உறை என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அப்பா விட்டுவைத்த பக்கத்தில் அதை ஒட்ட வேண்டாம், எதிர்ப்பக்கத்தில் வையுங்கள்.