மஸ்கடைன் ஒயின்: குடித்தவர்கள் சொல்லுங்கள்

கேரிவாசி:
செப்டம்பர் வந்தால் இங்கே அமெரிக்காவின் வட கரோலினாவில், ராலே உழவர் சந்தையில் மஸ்கடைன் என்ற இந்தத் திராட்சைதான். குலையாக இருக்காது; கோலிக்குண்டு அளவில் உதிரி உதிரியாகக் கிடக்கும். தோல் தடிப்பு, உள்ளே கொட்டை. சதையை உறிஞ்சிவிட்டுத் தோலைத் துப்பிவிடுவார்கள். ஒயினை ரோஸ் ஹில்லில் இருக்கும் டியூப்ளின் ஒயினரியில் குடித்தேன். நல்ல இனிப்பு. கிளாஸை மூக்கருகே கொண்டுபோகும் முன்பே பழவாசனை தூக்கும். கூட வந்தவர் "இது ஒயின் இல்லப்பா, ஜூஸ்" என்று ஒரு வாயோடு நிறுத்திவிட்டார். எனக்குப் பிடித்தது. நன்றாகக் குளிர வைத்து, காரமான சிக்கன் வறுவலோடு குடித்துப் பாருங்கள். காரத்துக்கு முன்னால் துவர்ப்பான சிவப்பு ஒயின்கள் எரிச்சலைத்தான் கூட்டும்.

ஜார்ஜியா கொல்லை:
உங்கள் நண்பர் கேபர்னே மாதிரி ஐரோப்பியச் சிவப்பு ஒயினை மனதில் வைத்துக்கொண்டு குடித்திருப்பார். இது அந்தச் சாதியே இல்லை. ஐரோப்பியத் திராட்சைக்கு 38 குரோமோசோம், இதற்கு 40.

எங்கள் வீட்டில் கார்லோஸ், நோபிள் என்ற இரண்டு மஸ்கடைன் ரகங்களும் நிற்கின்றன. எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுக்காது. கீழே பழைய போர்வையை விரித்துக் கொடியை உலுக்கினால் பழுத்தது மட்டும் விழும். சாறில் சர்க்கரை குறைவு. அப்படியே நொதிக்கவிட்டால் போதை ஏறாது, சீக்கிரம் கெட்டும் போகும். அதனால் முதலிலேயே சர்க்கரை சேர்ப்போம். குடிக்கும்போது தெரியும் இனிப்பு பெரும்பாலும் கடைசியில் சேர்ப்பது. அதைச் சேர்க்காமல் விட்டால் ட்ரை ஒயின், அதாவது இனிப்பில்லாதது. அப்போது புளிப்பு முன்னுக்கு வரும். எனக்கு அதுதான் இஷ்டம், வீட்டுக்காரிக்கு ஆகாது.

நோபிள் ஒயினை வருஷக்கணக்கில் பாதுகாக்காதீர்கள். அதன் நிறமிகள் ஐரோப்பியத் திராட்சையில் இருப்பவைபோல நிலைத்து நிற்பதில்லை. சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். அடியில் வண்டல் தங்கினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் பழத்திலிருந்தே வரும் எல்லாஜிக் அமிலம்தான்.

நாக்ஸ் ஹெட் பயணி:
இதை மட்டமான ஒயின் என்று சொல்பவர்களிடம் நான் சரித்திரம் பேசுவேன். அமெரிக்கத் தெற்கின் புழுக்கத்தில் ஐரோப்பியக் கொடிகளைப் பியர்ஸ் நோய் என்ற பாக்டீரியா நோய் கொன்றது. இந்தக் கொடிக்கு அது பெரிய விஷயமே இல்லை. வட கரோலினாவின் ரோனோக் தீவில் மேன்டியோ ஊர்ப் பக்கம் "தாய்க்கொடி" என்று ஒன்று இருக்கிறது, சுமார் 400 வயது என்கிறார்கள். தனியார் வீட்டு இடம், சாலையில் நின்று பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும்.

பால் காரெட் என்பவர் ஸ்கப்பர்னாங்கில் (வெண்கல நிற மஸ்கடைன்தான்) 'வர்ஜினியா டேர்' என்ற ஒயினைச் செய்தார். மதுவிலக்குக்கு முன் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது அது. பழம் போதாமல் கலிபோர்னியா ஒயினையும் கலக்க வேண்டி வந்ததாம்! அமெரிக்காவில் ஆங்கிலேயருக்குப் பிறந்த முதல் குழந்தையின் பெயரை அதற்கு வைத்தார் மனிதர்: 1587இல் அதே ரோனோக்கில் பிறந்தவள் வர்ஜினியா டேர்.

கேரிவாசி:
ஜார்ஜியா அண்ணா, கார்லோஸ் ட்ரை ஒரு பாட்டில் எடுத்து வையுங்கள். தேங்க்ஸ்கிவிங்குக்கு அந்தப் பக்கம் வருகிறோம். மீன் வறுவல் எங்கள் பொறுப்பு.